ரஃப் காலருக்குள் கம்பி கிடையாது

ஒருவர், 16ஆம் நூற்றாண்டு ரஃப் காலரில் (ஐரோப்பியர் கழுத்தைச் சுற்றி அணிந்த, மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்கும் காலர்) மடிப்புக்குள்ளேயே கம்பி வைத்துத் தைத்தார்கள், வீட்டில் பக்ரம் (காலருக்குள் வைக்கும் விறைப்பான துணி) போட்டால் அதே மாதிரி வரும் என்று எழுதியிருக்கிறார். இதை நம்பித் துணியை வீணாக்காதீர்கள்.

அந்த விறைப்பு முக்கியமாகக் கஞ்சியால் வந்தது. மெல்லிய லினன் துணியைக் கஞ்சியில் தோய்த்து, ஒவ்வொரு மடிப்பையும் சூடான உலோகக் கோலில் சுற்றி எட்டு வடிவத்தில் நிறுத்தினார்கள். துவைத்தால் எல்லாம் படிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கம்பிச் சட்டம் இருந்தது உண்மைதான்; ஆனால் அது காலருக்கு அடியில் தாங்கிப் பிடிக்கும் தனிப்பொருள்.

பக்ரம் ஏன் ஆகாது என்றால், தடிமன். போன வருடம் களியக்காவிளையில் எங்கள் தெருப் பிள்ளைகளின் நாடகத்துக்கு நானும் முதலில் பக்ரம்தான் வைத்தேன். சுருக்கு நூலை இழுத்தபோது பாதியிலேயே அறுந்தது. அப்புறம் மல் துணியில் 8 செ.மீ. அகலப் பட்டைகளை ஒட்டுப்போட்டு 6 மீட்டர் ஆக்கி, ஓரத்தைச் சன்னமாகச் சுருட்டித் தைத்து, சம இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டுத்தையல் போட்டு இழுத்தேன். 40 செ.மீ. கழுத்துப்பட்டிக்குள் அழகாக அடங்கியது. இரண்டு வரிசையிலும் தையல் நேருக்கு நேர் வரவேண்டும், அதில்தான் மடிப்பின் அழகே இருக்கிறது.

கஞ்சிக்கு, வேட்டிக்குப் போடுகிற மரச்சீனி (மரவள்ளி) மாவுக் கஞ்சியே போதும். கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சுங்கள். சூடான கோலை முதலில் துண்டுத் துணியில் வைத்துப் பாருங்கள், சட்டென்று பழுப்பேறிவிடும்.