ரோமா மக்களுக்கு மாசாமாசம் சும்மா காசா? அந்த ஃபார்வர்டு தப்பு

"ஐரோப்பாவுல ரோமா ஆளுங்களுக்கு ஐரோப்பிய யூனியன் மாசாமாசம் கையில காசு கொடுக்குது, அதான் யாரும் வேலைக்கே போறதில்ல"ன்னு ஒரு மெசேஜ் சுத்துது. (ரோமாங்கறது ஐரோப்பாவுல பல நாட்டுல வாழ்ற ஒரு சிறுபான்மை இனம்.) அப்படி எதுவும் இல்லைங்க. யூனியனோட சமூக நிதி தனி ஆளு கைக்கு நேரா போறதில்ல, அந்தந்த நாட்டு அரசு வழியா வேலைப் பயிற்சி, படிப்பு மாதிரி திட்டங்களுக்குத்தான் போகுது.

வேலைக்கே போறதில்லங்கறதும் பொய். யூனியனோட அடிப்படை உரிமைகள் ஏஜென்சி 2021ல 10 நாட்டுல எடுத்த சர்வேயில ரோமா மக்கள்ல 43% பேர் சம்பள வேலையில இருந்தாங்க, பொதுவா யூனியன்ல அது 72%. இந்த இடைவெளி சோம்பேறித்தனத்தால வந்ததுன்னு சொல்றவங்க செக் குடியரசு கேஸ பாக்கணும், அங்க ரோமா பசங்கள மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்களுக்கான ஸ்பெஷல் ஸ்கூல்ல கூட்டம் கூட்டமா தள்ளினது பாகுபாடுதான்னு 2007லயே ஸ்ட்ராஸ்பூர்க்ல இருக்கற ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு, அந்த ஸ்கூல் சர்டிபிகேட்ட வச்சுகிட்டு வந்தா எவன் வேலை குடுப்பான்? அதே சர்வேயில 22% பேர் வீட்டுக்குள்ள குழாத்தண்ணியே இல்ல, சும்மா காசு வாங்குறவங்க வீடாம் இது.

சர்வே ரிப்போர்ட் அந்த ஏஜென்சி வெப்சைட்லயே ஃப்ரீயா இருக்கு, பாத்துக்கோங்க. அந்த மெசேஜ் உங்க குரூப்புக்கு வந்தா தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணாதீங்க.