பல்லும் எடையும் ஒரே போத்தலில்

சொத்தைக்குப் பல் கிளினிக், எடைக்கு கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார கிளினிக்) என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு இடத்துக்கு அலைகிறோம். பல வீடுகளில் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: தலையணை பக்கத்தில் கிடக்கும் பால் போத்தல்.

தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. வாயிலுள்ள கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக்கொள்ளும். அதனால்தான் 2 வயதுப் பிள்ளைக்கு மேலே நான்கும் கரைந்திருக்க, கீழே நான்கும் முத்துப்போல் இருக்கும். அதே போத்தல் ராத்திரி இரண்டு மூன்று தடவை என்றால், காலையில் பசிக்காது. "சாப்பிடவே மாட்டேங்குது" என்று பாட்டி இன்னொரு போத்தல் கலக்குவார். எடை அப்படித்தான் ஏறுகிறது. கொழுகொழுவென்று இருப்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று கிளினிக் தாதியிடம் கேளுங்கள்.

இன்றைக்கே பிள்ளையை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, மேலுதட்டைத் தூக்கி ஈறோரம் பாருங்கள். சுண்ணாம்பு தீட்டியதுபோல், துடைத்தாலும் போகாத வெள்ளைக் கோடு தெரிகிறதா? அதுதான் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடால் சரிசெய்ய முடியும். பழுப்பாகிக் குழி விழுந்தபின் முடியாது. "பால் பல்தானே, விழுந்துடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை.

பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்குக் (உறையில் 'ppm' என்றிருக்கும்) குறையக் கூடாது. 3 வயதுவரை அரிசி மணி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு. தூங்குமுன் பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும். நுரையைத் துப்பட்டும், வாய் கொப்பளிக்க வேண்டாம்.

இன்னொன்று பலருக்குப் புரிவதில்லை. எடைக்கு 'எவ்வளவு' என்பது கணக்கு. பல்லுக்கு 'எத்தனை தடவை' என்பதும் சேர்ந்த கணக்கு. சிராப் பண்டுங்கை (ரோஜா சிரப்பும் பாலும் கலந்த பானம்) ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால், அவ்வளவு நேரமும் பல்லுக்கு அமிலக் குளியல்தான். இனிப்பு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டோடு கொடுத்து முடித்துவிடுங்கள்.

மலேசியாவில் 2019 ஜூலையில் சர்க்கரை வரி வந்தபோது, இனிப்புப் பானங்களுக்கு வைத்த எல்லை 100 மில்லிக்கு 5 கிராம். அந்த எல்லைக்குள் நிற்கும் 250 மில்லி பாக்கெட்டிலேயே 12.5 கிராம் இருக்கலாம். நாளின் கலோரியில் 5 விழுக்காட்டுக்குள் சேர்த்த சர்க்கரை என்று உலகச் சுகாதார நிறுவனம் விரும்பும் கணக்கில், 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கே சுமார் 15 கிராம்தான். 'பிலிஹான் லெபே சிஹாட்' (கூடுதல் ஆரோக்கியமான தேர்வு) முத்திரை இருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பி 'ஜும்லா குலா' (மொத்தச் சர்க்கரை) வரியைப் படியுங்கள்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ராத்திரிப் போத்தலைச் சட்டென்று பிடுங்க வேண்டாம். தண்ணீர் அளவு அப்படியே இருக்கட்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை பால் மாவில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். கடைசியில் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். சில ராத்திரி அழும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடமும் பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்கள் பகலில் பழைய அளவில் கலக்கினால், ராத்திரி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.