36 சரிதான், அப்புறம்?

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குக் குறைபாட்டைச் சதவீதமாக அளக்க டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வகுப்பு சனிக்கிழமை நாகர்கோவிலில் நடந்தது. அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் நம்ம மாவட்டத்தில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. வீட்டு குரூப், சர்ச் குரூப், பழைய மாணவர் குரூப் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் ‘வகுப்பு எடுத்தவர் திமிரைப் பாருங்க’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘கணக்கு கரெக்ட்டாத்தானே போட்டிருக்காரு, உங்களுக்கு என்ன பிரச்சினை’ என்று என் பக்கத்துக் கமெண்டில் வந்து கேட்கிறார்கள். என் பிரச்சினையே கணக்கு கரெக்ட் என்பதுதான்.

அருமனைப் பக்கத்து அந்த அண்ணாச்சியை மேடையில் நிறுத்தி, வலது மணிக்கட்டில் கோனியாமீட்டரை (மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிற கருவி) வைத்து, இப்படி மடக்கு, அப்படித் திருப்பு, இதைப் பிடி, விடு. போர்டில் கூட்டல். 36 சதவீதம். கைதட்டல். 40 வராததால் சலுகைகள் பெரும்பாலும் கிடைக்காது என்று விளக்கம். எல்லாம் சரி. கடைசியில் அவரே தயங்கித் தயங்கி ‘சார், நமக்கு பால்வெட்டு...’ என்று ஆரம்பிக்கிறார். ‘அதெல்லாம் இதில வராது’ என்று பதில். மைக் அடுத்த ஆளிடம் போய்விடுகிறது.

வரும். அதுதான் இதில் முதலில் வரவேண்டியது. அதைக் கற்றுக்கொடுக்கத்தான் வகுப்பே.

ரப்பர் பால்வெட்டு என்றால் என்ன என்று இந்த ஊரில் இருந்துகொண்டு நான் விளக்க வேண்டியிருப்பது கொடுமை. விடிவதற்கு முன்னால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கொஞ்சம் கூடிவிட்டால் மரத்துக்குக் காயம், முதலாளியிடம் ஏச்சு. முழு வேலையும் மணிக்கட்டில்தான் இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும் என்பதால் மெதுவாகச் செய்கிறேன் என்றும் சொல்ல முடியாது. அப்புறம் சிரட்டை சிரட்டையாக எடுத்து ஊற்றி, சுமந்து, ஷீட் அடிக்கிற வேலை தனி. அதே மணிக்கட்டு, அதே 36, ஒரு பேங்க் கிளார்க்குக்கு இருந்தால் அவர் மவுஸை இடது கைக்கு மாற்றிவிட்டு மாதச் சம்பளம் வாங்குவார். இவருக்குப் பிழைப்பே போச்சு. இரண்டு பேருக்கும் ஒரே எண். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாத ஆளை ‘பயிற்சி பெற்றவர்’ என்று சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம், குரூப் போட்டோவும் எடுக்கிறோம்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2001-இலேயே ஐசிஎஃப் என்ற, ஒருவரின் உடல்நிலையையும் செயல்பாட்டையும் சேர்த்து விவரிக்கிற வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. உடம்பின் இயக்கம் ஒரு பகுதி, அவ்வளவுதான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்கிறார், எதில் கலந்துகொள்கிறார், வீடும் வேலையிடமும் பஸ்ஸும் சட்டமும் அவருக்குக் கை கொடுக்கின்றனவா குறுக்கே நிற்கின்றனவா, எல்லாம் அதில் உண்டு. மூட்டு அசைவுக்கு பி710 என்று ஒரு குறியீடு இருக்கிற மாதிரியே சம்பள வேலைக்கு டி850 என்று ஒன்று இருக்கிறது. ‘இதில வராது’ என்றால் எதில் வராது?

சரி, அது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்பீர்கள். நம்ம நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு சேரும்போது ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க முடியாமல் போவதைத்தான் மாற்றுத்திறன் என்று வரையறுக்கிறது. தடை என்று சட்டத்தில் இருக்கிறது. தடையை அளக்க அந்த ஹாலில் ஒரு ஆளுக்காவது சொல்லிக்கொடுத்தார்களா?

‘அரசிதழ் வழிகாட்டுதலில் செயல்பாடும் இருக்கிறது, படிக்காமல் பேசாதீர்கள்’ என்று ஒரு டாக்டர் சார் எழுதியிருந்தார். படித்திருக்கிறேன் சார். சதவீதம் கணக்கிட அரசு வெளியிட்ட அந்த வழிகாட்டுதலில் கைக்குப் பத்து செயல்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. நம் முறையில் கையால் சாப்பிடுவது, தலை சீவுவது, சட்டை போடுவது, பட்டன் மாட்டுவது, டம்ளரில் தண்ணீர் குடிப்பது, எழுதுவது. நல்ல பட்டியல்தான், குறை சொல்லவில்லை. எழுதுவது இருக்கிறது, கத்தி பிடிப்பது இல்லை. முந்திரி ஆலையில் தோடு உடைக்கிற அக்காவின் விரல் இல்லை, வலை இழுக்கிற கை இல்லை, பனையேறுகிறவரின் பிடி இல்லை. பட்டன் போட்டால் யாராவது கூலி தருவார்களா?

இன்னொருவர், ஒரு முகாமில் வரிசையாக ஆட்கள் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கதை கேட்க முடியுமா என்கிறார். முடியாது, அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் அதே உலக சுகாதார நிறுவனத்தின் வோடாஸ் என்ற கேள்வித்தாளில் 12 கேள்வி கொண்ட சின்ன வடிவம் இருக்கிறது. கடந்த 30 நாளில் இதைச் செய்ய எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்டுக்கொண்டே போவது. ஐந்து நிமிஷ வேலை. அந்த வீடியோவில் கோனியாமீட்டரைத் தேடியதற்கே அவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் ஒருவர் திரித்துவிட்டார். சொல்லவில்லை. எண் இல்லாவிட்டால் சிபாரிசுதான் மிஞ்சும், தெரியும். அளக்கட்டும், ஆனால் அளக்கக் கற்றுக்கொண்டு அளக்கட்டும் என்கிறேன். 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் சதவீதத்தை மட்டும் காட்டி மாணவரைத் தள்ளிவிடக் கூடாது, அந்தக் குறைபாடு படிப்புக்கு உண்மையிலேயே தடையா என்று மருத்துவ போர்டு பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் சொன்னது. டாக்டராகப் போகிற பிள்ளைக்குப் பொருந்துகிற நியாயம் பால்வெட்டுகிறவருக்கு மட்டும் பொருந்தாதா?

‘மசாஜ் பண்றவங்க எல்லாம் டாக்டருக்குப் பாடம் எடுக்க வந்துட்டாங்க.’ பிசியோதெரபிஸ்டான என்னைப் பற்றி இதுவும் வந்தது, அறுபது பேர் சிரிப்பு எமோஜி போட்டிருந்தார்கள், அதில் என்னோடு படித்தவர்களும் உண்டு. பரவாயில்லை. நான் பிசியோ படித்த காலத்தில் ஐசிஎஃப் ஐந்து மார்க் கேள்வி. கட்டம் வரைந்து அம்புக்குறி போட்டால் பாஸ். வார்டில் ஒரு நோயாளியை வைத்து அதை யாரும் செய்து காட்டியது கிடையாது. எங்களுக்கே இந்த லட்சணம் என்றால் எம்பிபிஎஸ் படித்தவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம், வகுப்பு எடுத்தவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதற்காக அவர் அண்ணாச்சியிடமிருந்து மைக்கைப் பிடுங்கியது சரியாகிவிடாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டவர்களுக்கு. என் அண்ணனுக்கு மனநோய். சான்றிதழுக்காகப் போன இடத்தில் (எந்த இடம் என்று கேட்காதீர்கள்) ‘தினமும் குளிப்பீங்களா?’ என்று கேட்டார்கள். ‘குளிப்பேன்’ என்றான். டிக். ‘சாப்பாடு?’ ‘சாப்பிடுவேன்.’ டிக். பொய் இல்லை, குளிக்கத்தான் செய்கிறான். அம்மா வெந்நீர் போட்டு, துவர்த்து எடுத்து வைத்து, கதவுப் பக்கத்திலேயே நின்று ‘சோப்புப் போடு மக்களே, தலையில தண்ணி ஊத்து மக்களே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் குளிக்கிறான். அம்மா ஒரு சாவு வீட்டுக்குப் போய் முட்டத்தில் ராத்தங்கினால் அதே சட்டையில் இருப்பான், சோறு இருந்தும் போட்டுத் தின்ன மாட்டான். மனநோய்க்கு இங்கே பயன்படுத்துகிற ஐடியாஸ் அளவுகோலில் தன்னைப் பார்த்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நாலு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை. பூஜ்யம் என்றால் குறைபாடே இல்லை, எண் ஏற ஏறக் குறைபாடு அதிகம். முதல் தலைப்பில் அண்ணனுக்குப் பூஜ்யம். அம்மா பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள், முழங்கால் வலியோடு. அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

உதவி இல்லாமல் ஒருவரால் எவ்வளவு முடியும் என்பது வேறு, இருக்கிற சூழலில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு, இரண்டையும் தனித்தனியாகக் குறி என்பதுதான் ஐசிஎஃப்பின் அடிப்படைப் பாடம். கூட நிற்கிற குடும்பத்துக்கு அதில் இ310 என்று தனிக் குறியீடே இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு ஜெனிவாவில் உலக சுகாதார நிறுவனத்தார் ஒரு நம்பர் கொடுத்து வைத்திருக்கிறார்கள், இங்கே உட்கார ஒரு நாற்காலி கொடுக்க ஆள் இல்லை. அம்மா நாளைக்குப் படுத்துவிட்டால் அந்தப் பூஜ்யத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? அவள் கஷ்டப்பட்டுப் பார்த்துக்கொள்வதாலேயே பிள்ளைக்கு மார்க் குறைகிறது என்றால், பார்த்துக்கொள்ளாமல் விட்டிருக்க வேண்டும் போல. இதை எழுதும்போதே எரிகிறது.

‘நெகட்டிவாகவே எழுதாமல் தீர்வு சொல்லுங்கள்’ என்கிற நல்லவர்களே, தீர்வைத்தான் மேலேயிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே நாள், ஸ்லைடு, பிரியாணி, சான்றிதழ் என்று முடிக்காதீர்கள். வகுப்பில் இருப்பவர்களை அருமனைக்கும் குளச்சலுக்கும் அனுப்பி ஒரு ஆளோடு ஒரு காலைப் பொழுது இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளியை மேடையில் மாதிரிக்கு நிறுத்தாமல் வகுப்பு எடுக்கக் கூப்பிடுங்கள். ஐசிஎஃப் பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன, ராக்கெட் விடப் போவதில்லை, படிக்கலாம்.

இன்பாக்ஸில் சான்றிதழ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. முடிவு தவறு என்று பட்டால் 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. மனுவில் வெறுமனே கை வலி, கால் வலி என்று எழுதாதீர்கள். முன்பு என்ன வேலை செய்தீர்கள், அதில் இப்போது எது முடியவில்லை, வீட்டில் யார் எதற்கெல்லாம் உதவுகிறார்கள், அவர்கள் இல்லாத நாளில் என்ன ஆகிறது, எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள். எழுத வராதவர்கள் சாயங்காலம் கிளினிக்குக்கு வாங்க, உட்கார்ந்து எழுதித் தருகிறேன், பீஸ் கிடையாது. வாசலில் படியும் கிடையாது, வண்டியோடு நேராக உள்ளே வரலாம்.