வயிறு மத்தளமாகிற கதை

தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் (CPAP) மெஷின் போட்டால் வயிறு உப்புவது "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு இரண்டு மாதம் ஆகியும் பழகவில்லை. விடிகாலையில் வயிறு மத்தளம் மாதிரி இருக்கும். நான் விடுகிற ஏப்பத்தில் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

மூச்சுப்பாதையைத் திறந்து வைக்க வரும் அழுத்தக் காற்றில் கொஞ்சம் உணவுக்குழாய் வழியாக இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். என் மெஷினில் அழுத்தம் (சென்டிமீட்டர் நீர் என்ற அளவில்) 4 முதல் 20 வரை தானாக ஏறி இறங்கும்படி வைத்திருந்தார்கள். மருத்துவர் மெஷினில் இருந்த பதிவுகளைப் பார்த்துவிட்டு மேல் அளவை 12 ஆக்கினார். மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் தணிகிற வசதியையும் போட்டுவிட்டார். பாதித் தொல்லை அதிலேயே போனது. (இதை நாமாக மாற்றக் கூடாது. அளவுக்கு மேல் குறைத்தால் மூச்சுத்தடை திரும்பிவிடும்.)

மீதிக்கு, இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல், இடதுபக்கம் திரும்பிப் படுப்பது. மூக்கடைத்த நாட்களில்தான் காற்றை அதிகம் விழுங்கினேன் என்பது பிறகுதான் புரிந்தது. அப்புறம், சோடா குடித்தால் வாயு போகும் என்று அத்தை சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் குடித்தேன். மத்தளம் தவிலாகிவிட்டது.