ஜார்டின் தூக்கப்படல, அதுக்கப்புறமும் அவர்தான் கேப்டன்

பாடிலைன் சீரிஸ் (ஆஸ்திரேலியாவுல இங்கிலாந்து பவுலர்கள் பேட்ஸ்மேன் உடம்பைக் குறிவெச்சுப் பந்து போட்ட டெஸ்ட் தொடர்) முடிஞ்சதுமே இங்கிலாந்து கேப்டன் ஜார்டினை டீம்ல இருந்து தூக்கிட்டாங்க, அப்புறம் டெஸ்டே ஆடலன்னு மேல போட்டிருக்கீங்க நண்பரே. அது சரியில்லைங்க. அந்த சீரிஸ் 1933 ஆரம்பத்துல முடிஞ்சது, அதே வருஷ சம்மர்லயே வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா அவர்தான் கேப்டன், ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்துல வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர்கள் கான்ஸ்டன்டைனும் மார்ட்டின்டேலும் அதே மாதிரி உடம்பைக் குறிவெச்சுப் போட்ட பந்தை நின்னு ஆடி 127 அடிச்சார், அவரோட ஒரே டெஸ்ட் செஞ்சுரி அதுதான், எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்னிங்ஸும்கூட. அப்புறம் இங்கிலாந்து கேப்டனாவே இந்தியாவுக்கும் வந்தார். கடைசி டெஸ்ட் நம்ம சேப்பாக்கத்துலதான், 1934 பிப்ரவரி. அதுக்கு அடுத்த மாசம், ஆஸ்திரேலியாவுக்கு எதிரா ஆடுற எண்ணமில்லன்னு அவரே அறிவிச்சார். சந்தேகம்னா கிரிக்இன்ஃபோல அந்த மெட்ராஸ் டெஸ்ட் ஸ்கோர்கார்டைத் திறந்து இங்கிலாந்து கேப்டன் பேரைப் பாருங்க.