எஸ்யூவி பெருகினால் எல்லோருக்கும் பாதுகாப்பா? வாட்ஸ்அப் தகவலுக்கு ஒரு விளக்கம்

"எஸ்யூவி கனமானது, உயரமானது. அது பெருகப் பெருக நகரச் சாலையில் எல்லோருக்கும் பாதுகாப்பு. இடமும் சாதாரணக் கார் அளவுதான் பிடிக்கும்." இப்படி ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இதில் பாதி உண்மை உண்டு. கனமான வண்டியும் இலகுவான வண்டியும் மோதினால், கனமான வண்டிக்குள் இருப்பவருக்கு அடி குறைவு. ஆனால் எதிரே வருபவருக்கு அடி கூடுகிறது. நடந்து செல்பவரின் நிலை இன்னும் மோசம். தாழ்ந்து சரிந்த முகப்பு காலில் இடித்து ஆளை பானெட் மேல் சாய்க்கும். உயர்ந்த முகப்போ நேராக மார்பிலும் தலையிலும் இடிக்கும். அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023 நவம்பரில் முடிவை வெளியிட்டது. முகப்பின் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால், உயரம் 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உள்ள சரிவான முகப்பைவிட, பாதசாரி உயிரிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். வண்டி முன் நிற்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்கே தெரியாமல் போகும் அபாயத்தை நினைத்தால் மனம் பதறுகிறது.

இடம் பற்றிய கூற்றும் சரியல்ல. நடுத்தரக் காரைவிட எஸ்யூவி 200 முதல் 300 கிலோ வரை கூடுதல் எடை, ஏறக்குறைய 0.3 சதுர மீட்டர் கூடுதல் இடம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. ஒரு வண்டிக்கு இது சிறிதுதான். ஆனால் 2023-இல் உலகில் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்யூவி! மின்சார எஸ்யூவி புகை விடாது, உண்மை. எடையும் அகலமும் அப்படியேதான்.

இரண்டு அமைப்புகளின் இணையதளங்களிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.