காப்பெற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

புது வீடு வாங்கிய நண்பர் ஒருவர் நேற்றுப் போன் எடுத்து, "மேல்மாடி முழுக்கக் காப்பெற் போடப் போறம், குளிருக்கு அதுதானே நல்லது" என்றார். அவருக்கு அரை மணிநேரம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ரொறொன்ரோவில் எங்கள் ஆட்கள் வீடு வாங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு வரும், "ஹார்ட்வுட் வடிவுதான், ஆனா விலை" என்பதோடு முடிந்தும் விடும்.

வடிவை விடுங்கள். மரத்தரையில் எனக்குப் பிடித்ததே அது அழுக்கை ஒளித்து வைக்காது என்பதுதான்.

நாங்கள் ஸ்காபரோவில் வாங்கியது 1962இல் கட்டிய பங்களா (ஊரில் சொல்லும் பங்களா இல்லை, மாடியில்லாத வீட்டுக்கு இங்கே அதுதான் பெயர்). சுவரிலிருந்து சுவர்வரை தேயிலைச் சாயம் மாதிரி ஒரு பழுப்புக் காப்பெற். ஆறு வருஷம் அதன்மேல் வாழ்ந்தோம், ஒவ்வொரு சனிக்கிழமையும் வக்கியூம் பிடித்தோம், சுத்தமான வீடு என்று நினைத்துக்கொண்டும் இருந்தோம். மகனுக்கு இழுப்பு வந்த பிறகு, படுக்கையறைக் காப்பெற்றை எடுத்துப் பாருங்கள், தூசிப்பூச்சிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று டொக்டர் சொன்னார். அன்றிரவே அலுமாரிக்குள் ஒரு மூலையைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். அடியில் இருந்த ரப்பர் மெத்தை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கும் கீழே அரித்தெடுத்தது போல மெல்லிய சாம்பல் மண், கையால் அள்ளக்கூடிய அளவுக்கு. சனிக்கிழமை வக்கியூம் எல்லாம் அதற்கு மேலே மேலேதான் ஓடியிருக்கிறது. அந்த மண்ணை விரலால் ஒதுக்கினால் இரண்டேகால் அங்குல அகலத்தில் ஓக் பலகை, வரிசையாக!

அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் இப்படித்தான். நல்ல மரத்தைப் போட்டுவிட்டு, பிறகு காப்பெற் மோகம் வந்ததும் அதன்மேலேயே ஆணி அடித்து மூடிவிட்டார்கள். ஆகவே பழைய வீடு வாங்கியவர்கள் கடைக்குப் போவதற்கு முன் ஒரு மூலையை உரித்துப் பாருங்கள், காசு மிஞ்சலாம். ஒரேயொரு எச்சரிக்கை, பேஸ்மென்ற்றில் (வீட்டுக்குக் கீழே நிலத்துக்குள் இருக்கும் தளம்) ஒன்பது அங்குலச் சதுரத்தில் பழைய ஓடுகள் தெரிந்தால் கை வைக்க வேண்டாம், அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார் இருக்கக்கூடும், பரிசோதிக்கக் கொடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

காப்பெற்றை எடுத்தது ஒரு நாள் வேலை. அதைப் பிடித்து வைத்திருந்த ஸ்டேப்பிள் கம்பிகளைப் பிடுங்கியது நாலு நாள். நானும் மனைவியும் முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகக் குறட்டால் இழுத்தோம், பழைய யோகட் வாளி ஒன்று நிறைந்தது. பிறகு வாடகைக்கு எடுத்த டிரம் சாண்டர், அதாவது தரையைத் தேய்த்துச் சீவும் இயந்திரம். அதில் முதலில் 36ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 60, கடைசியில் 100, நம்பர் கூடக்கூடத் தாள் மென்மையாகும். அந்த இயந்திரம் சுழலும்போது ஒரே இடத்தில் ஒரு நொடி நின்றாலும் தரையில் குழி விழும். எங்கள் யன்னலடியில் விழுந்தது. போன் அடித்தது, திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். இப்போது அதன்மேல் சோபா நிற்கிறது.

ஆனால் மரத்தின் பெரிய லாபம் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. முக்கால் அங்குலத் தடிப்புள்ள பலகையில், பலகையோடு பலகை கோக்கும் நாக்குக்கு மேலே ஏறக்குறைய கால் அங்குலம் மரம் இருக்கும். ஒருமுறை சீவினால் போவது ஒரு மில்லிமீற்றர் அளவு. அறுபது வருஷத்துக் கீறலும் கறையும் போய், புது மரம் வெளியே வந்தது, இன்னும் இரண்டு மூன்று முறை சீவ இடமும் இருக்கிறது. வீட்டில் வேறு எந்தச் சாமானை இப்படிப் புதிதாக்கலாம்?

லமினேற்றையும் மரம் என்றுதான் விற்கிறார்கள். அது மரத்தின் படம், அழுத்திய நார்ப்பலகைமேல் ஒட்டிய கடதாசி. சீவ முடியாது. மச்சான் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் ஓரிரவு ஒழுகியது, காலையில் குசினித் தரை பொரித்த அப்பளம் மாதிரி வீங்கி நின்றது. விலை குறைவு என்றுதான் அவன் அதைப் போட்டான், இப்போது இரண்டாம் தரமும் போட்டாயிற்று, கணக்கை நீங்களே பாருங்கள். பேஸ்மென்ற் வேறு கதை, கொங்கிரீட்டின் ஈரத்துக்கு முழு மரம் சரிவராது, அங்கே வைனைல் என்ற பிளாஸ்ரிக் தரை போடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

குளிருக்குக் காப்பெற் நல்லது என்பதும் பாதி உண்மைதான். டைல்ஸில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்காலின் சூட்டை அது உறிஞ்சி எடுத்துவிடும். மரம் சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும், அதனால் தை மாதத்திலும் கால் சில்லிடுவதில்லை. மகள் பரதம் பழகுகிறாள். முன்பு பேஸ்மென்ற்றில், கொங்கிரீட்மேல் ஒட்டிய டைல்ஸில் தட்டடவு போட்டுவிட்டு "முன்னங்கால் எலும்பு நோகுதப்பா" என்பாள். இப்போது மேலே ஹோலில் ஆடுகிறாள், பலகைக்குக் கீழே மரச்சட்டமும் வெற்றிடமும் இருப்பதால் தரை கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. நோவு என்ற பேச்சே இல்லை. சத்தம்தான், அதை மறைக்க மாட்டேன். 1991இல் வந்து இறங்கியபோது வெலஸ்லிப் பக்கத்து அடுக்குமாடியில் எங்களுக்குக் கிடைத்ததும் மரத்தரைதான், சின்னச் சின்ன மரத்துண்டுகளைச் சதுரம் சதுரமாக அடுக்கிய பார்கே. குழந்தை ஓடினால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார்.

மகனின் இழுப்பு மாயமாய் மறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பம்ப் இன்னும் பையில் இருக்கிறது. இரவுத் தும்மல் குறைந்தது, அது எங்களுக்கே தெரிந்தது. வெளியே போய்வந்து கதவைத் திறந்தால் போன கிழமை தாளித்த கறிமணம் முகத்தில் அடிப்பதும் நின்றுவிட்டது. காப்பெற் அதையெல்லாம் குடித்து வைத்திருந்திருக்கிறது.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. மாரியில் ஹீட்டர் ஓடி வீடு காய்ந்தால் மரம் சுருங்கும், பலகைகளுக்கு நடுவே பத்துச் சதக் காசு போகிற இடைவெளி வரும். முதல் வருஷம் தரை பிளக்கிறது என்று பயந்து ஒருவரைக் கூப்பிட்டேன், அவர் சிரித்துவிட்டு காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபயர் வாங்கச் சொன்னார். ஈரப்பதம் 35க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் போதும், கோடையில் இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். சாமி விளக்குக்குக் கீழே தட்டு வேண்டும், எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும்.

இந்த வீட்டில் தீராத வழக்கு தண்ணீர்தான். அம்மா ஊரில் சிவப்புச் சீமெந்துத் தரையை வாளி வாளியாக ஊற்றிக் கழுவி வளர்ந்தவ. பிழிந்த துணியால் துடைத்தால் அவவுக்கு அது துடைத்த கணக்கே இல்லை. "கழுவ ஏலாத தரை என்ன தரை?" என்பா. தண்ணீர் தேங்கினால் பலகையின் இரண்டு ஓரமும் எழும்பி நடு குழிந்துவிடும் என்று படம் போட்டுக்கூடக் காட்டினேன். படத்தைப் பார்த்தா, தலையும் ஆட்டினா. போன வெள்ளிக்கிழமை விடிய எழும்பி "வாளி எங்கை?" என்று தேடினா. அது காரின் பின்பெட்டிக்குள் இருக்கிறது, தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.